ஓடாவிப் பெட்டி: ஐயாவின் கருவிகளுக்குத் துரு எடுத்தது

தேவிபட்டினத்தில் எங்கள் பழைய வீட்டு ஓட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஐயாவின் பெட்டி இறங்கியது. வாகைப் பலகையில் செய்தது, மூன்றரை அடி நீளம். ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். வள்ளமும் வத்தையும் கட்டிய ஓடாவி. மரக்கலம் கட்டுகிற தச்சருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவர் போய் இருபத்தைந்து வருடமாகிறது. அப்பா வாத்தியார் வேலைக்குப் போனார். நான் ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறேன். அதனால் பெட்டியைத் தொட ஆளில்லாமல் போயிற்று.

மூடியைத் திறந்ததும் சுறா எண்ணெய் வாடை அடித்தது. இத்தனை வருடம் கழித்தும்! வத்தையின் பலகைக்குப் பூசுகிற அதே எண்ணெயைத்தான் ஐயா இரும்புக்கும் தடவியிருக்கிறார். ஆனால் எண்ணெய் காய்ந்து போனபின் உப்புக்காற்று தன் வேலையைச் செய்துவிட்டது. எல்லாம் செங்கல் நிறத்தில் கிடந்தன. மரம் செதுக்குகிற ஒரு வாச்சி, நான்கு உளிகள், ஒரு இழைப்புளி, ஒரு கைரம்பம், துளை போட வில்லோடு சேர்ந்த துரப்பணம், உளியைத் தட்டுகிற புளியமரக் கொட்டாப்புளி, பலகை இடுக்கில் பஞ்சு திணிக்க, அதாவது கலப்பத்து அடிக்க, மழுங்கல் உளி ஒன்று, குழி விழுந்த தீட்டுக்கல், ஒரு மரக்கோல். அடியில் துணியில் சுற்றிய நாலைந்து செம்பு ஆணிகள்.

அப்பத்தாவுக்கு இப்போது தொண்ணூறுக்கு மேல். பெட்டியைக் கொண்டுபோய் அவள் கட்டிலருகே வைத்தேன். வாச்சியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பட்டறையில அடிச்சது. உளி ரெண்டு கொழும்புல வாங்குனது" என்றாள். ஐயா கல்யாணத்துக்கு முன்னால் சில வருடம் கொழும்பில் தச்சுவேலை பார்த்தவர். எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை வரும், அங்கிருந்து கப்பலேறினால் இலங்கையின் தலைமன்னார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது உண்டான வழி அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு போயிற்று. அந்தப் புயலுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஐயா வீட்டுக்கே வரவில்லையாம், கரை நெடுக உடைந்த வத்தைகளை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாராம். அப்போது கையில் இருந்தது இந்தப் பெட்டிதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் புளித்தண்ணீரில் ஊறப்போடலாம் என்று நினைத்தேன். ஒரு பழைய ஆணியைப் போட்டுப் பார்த்தேன். துரு கழன்றது, ஆனால் அமிலம் நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்கிறது, மேல்பரப்பு சொரசொரப்பாகிறது. உளியில் அச்சுக் குத்தியிருந்தால் அந்த எழுத்து மங்கிவிடும். ஆகவே மின்சார முறைக்குப் போனேன், அது என் தொழிலுக்கும் பக்கம். பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீர், அதில் சலவைச் சோடா மூன்று கரண்டி. ஓரமாக நான்கு முறுக்குக் கம்பித் துண்டுகள், அவற்றுக்கு பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ். நடுவில் கருவியைத் தொங்கவிட்டு நெகட்டிவ். 12 வோல்ட், இரண்டு மூன்று ஆம்பியர் போதும். முனை மாறினால் கருவியே கரைய ஆரம்பித்துவிடும், அதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாசிட்டிவுக்கு எவர்சில்வர் கரண்டியைக் கட்டக்கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கி விஷமாகும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் தொட்டியைத் திண்ணையில் வைத்தேன், பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்தால் அதை எளிதில் நொறுங்கக்கூடியதாக்கும். அதனால் வெட்டுகிற கருவிகளை ராத்திரி முழுக்க விடவில்லை. நான்கு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. துரு எடுக்கிற வேலைக்கு உப்புத்தண்ணீர் ஆகாது, அதனால் கேன் தண்ணீர் வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "என்னண்ணே, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டான்.

தொட்டியிலிருந்து எடுத்தபோது சிவப்பு போய்க் கருப்புப் பொடியாக நின்றது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் கழன்றுவிடுகிறது. அடியில் சாம்பல் நிற இரும்பு. உளிகளைத் துடைத்து, வெயிலில் தகரத்தின் மேல் காயவைத்து, மெஷின் ஆயில் தடவி வைத்தேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பார்த்தால் குழிகள் இருந்த இடங்களிலெல்லாம் ஊசிமுனை அளவில் மஞ்சள் துளிகள். எண்ணெய்க்கு மேலேயே வியர்த்ததுபோல் நிற்கின்றன. தொட்டால் ஈரம், அடுத்த நாள் அதே இடத்தில் புதுத் துரு. கடற்கரைத் துருவின் குணம் இது. துருவைச் சுரண்டினாலும் குழிக்கு அடியில் உப்பிலுள்ள குளோரைடு தங்கிவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி தொடங்கும். பழைய பாம்பன் பாலம் 108 வருடம் இந்தக் காற்றில் நின்று, 2022 டிசம்பரில் ரயில் நின்றதே, அதை அரித்ததும் இதே உப்புதான்.

எண்ணெயைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் சலவைச் சோடா கலந்த கேன் தண்ணீரில் ஊறவைத்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். ஐந்து தடவை. அதன்பிறகு வெறும் கேன் தண்ணீரில் ஒரு கொதி கொதிக்கவிட்டு, சூடு ஆறுமுன் துடைத்து, வெயிலில் போட்டு, கை பொறுக்காத சூட்டில் எண்ணெய் தடவினேன். இப்போது இரண்டு மாதமாகிறது, வியர்வை இல்லை. கடற்கரையில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். உள்நாட்டில் இருப்பவர்கள் எழுதி வைத்த முறைகளில் இது இருக்காது, அவர்களுக்குத் தேவையும் இல்லை.

துரு போனபின்தான் கருவிகள் பேச ஆரம்பித்தன.

முக்கால் அங்குல உளியின் கழுத்தில் ஒரு மூவிலைக் குறியும் ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன. ஷெஃபீல்டில் இருந்த வில்லியம் மார்பிள்ஸ் நிறுவனத்தின் உளி. அப்பத்தா சொன்ன கொழும்பு உளிகளில் ஒன்று. இன்னொன்றில் பெயர் தேய்ந்துவிட்டது, 'காஸ்ட் ஸ்டீல்' என்ற இரண்டு சொல் மட்டும் மிச்சம். இதை வார்ப்பிரும்பு என்று நினைத்துக் கழித்துப்போடுகிறவர்கள் உண்டு. அது வார்ப்பிரும்பு இல்லை. குகை என்கிற மண் கலத்தில் உருக்கி வார்த்த எஃகு. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் கடிகாரச் சுருளுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் ஷெஃபீல்டு பக்கம் செய்து பழகிய முறை. எஃகை முழுக்கத் திரவமாக்கினால் கசடு மேலே வந்துவிடும், உள்ளே ஒரே சீராக இருக்கும். மின்சார உலைகள் வந்தபின் அந்த முறையும் அந்த முத்திரையும் போய்விட்டன. அதனால் அந்த இரண்டு சொல் இருந்தால் கருவிக்கு வயது அதிகம். ஐயாவே அதைப் பழையதாகத்தான் வாங்கியிருப்பார்.

குகையில் எஃகு உருக்குவது நம் நாட்டுக்கு அதைவிடப் பழசு. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டிலிருந்து போன 'வூட்ஸ்' எஃகை வைத்து, மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் லண்டனில் ஆராய்ச்சி செய்தார். காயில் கட்டுகிற எனக்கு ஃபாரடே தினமும் உதவுகிறவர். அவர் இரும்பிலும் நம் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் பெட்டியில் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்தது சீமை உளி இல்லை, உள்ளூர் வாச்சிதான்.

அதில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. அலகின் உள்பக்கத்தைத் தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தேன். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடிபோல் மின்னியது, அதற்கு மேல் மங்கலாக, பால் கலந்த சாம்பல் நிறம். நடுவில் அலை அலையாக ஒரு கோடு. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணன் பார்த்ததும் சொன்னார்: "மேல பச்சிரும்பு, வாயில மட்டும் எஃகு. உலையிலேயே வச்சு ஒட்டுனது. இப்ப யாரு இப்படி ஒட்டுறா? லாரிப் பட்டையை வெட்டி மொத்தமா அடிச்சுக் குடுத்துர்றோம்." அன்றைக்கு எஃகு அருமை, அதனால் வெட்டுகிற இடத்துக்கு மட்டும் வைத்தார்கள். அது சிக்கனம் மட்டும் இல்லை. முழுக்க எஃகாக இருந்தால் ஆணியில் பட்டதும் அலகு தெறித்துவிடும். பின்னால் இருக்கும் மெத்தென்ற இரும்பு அடியைத் தாங்கிக்கொள்ளும்.

அப்புறம் அவர் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இங்க பாருங்க" என்றார். எஃகுப் பக்கத்தின் மேல்மூலையில், தேயாத இடத்தில், மிக நெருக்கமாகச் சாய்ந்த கோடுகள். குறுக்கே இன்னொரு வரிசை. தலைமுடி கனம்கூட இல்லை. எனக்கு முதலில் புரியவில்லை. "அரம். தேஞ்ச அரத்தை எடுத்து வாயில வச்சிருக்காரு. சம்மட்டியில பல்லு எல்லாம் அமுங்கிருச்சு, இந்த மூலையில மட்டும் சரியா அமுங்கல."

அரத்துக்குப் போடுகிற எஃகில் கரி அதிகம், கூர் நன்றாக நிற்கும். ஏதோ பட்டறையில் தேய்ந்து தூக்கிப்போட்ட அரம் எங்கள் ஐயாவின் வாச்சிக்கு வாயாகி, எத்தனை வத்தைக்குப் பலகை செதுக்கியதோ. அந்த மூலையை மணல்தாள் போட்டு மினுக்கியிருந்தால் அந்தக் கோடுகள் என் கையாலேயே போயிருக்கும். உண்மையில் மணல்தாள் என் பையில்தான் இருந்தது.

அதே பட்டறையில் அரை அங்குல நாட்டு உளிக்கு முனை எடுத்தோம். ஐயா காலத்திலேயே முனை தெறித்துப்போன உளி. சீமைக்கருவேலக் கரிதான் உலையில், எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. முனையைக் காய்ச்சி, அடித்து நீட்டி, ஒரு நாள் விட்டு அரத்தால் வடிவம் எடுத்தபின் துவைச்சல், அதாவது கூர் நிற்கும்படி முனையைக் கடினமாக்குவது. செர்ரிப்பழச் சிவப்பு வரும்வரை காய்ச்சி முனையை மட்டும் ஒன்றரை அங்குலம் தண்ணீரில் தோய்த்தார். வெளியே எடுத்து உடனே செங்கல் துண்டால் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினார். உளியின் மேல்பகுதியில் இன்னும் சூடு இருக்கிறது. அது மெதுவாக முனைக்கு இறங்குகிறது. இறங்க இறங்க வெள்ளை இரும்பின் மேல் நிறம் நகர்கிறது. முன்னால் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் மயில்கழுத்து நீலம். மஞ்சள் முனையைத் தொட்ட அந்த நொடியில் மறுபடி தண்ணீருக்குள் போட்டார்.

"மஞ்சள்ல நிறுத்தணும். மயில்கழுத்து முனைக்கு வந்துட்டா உளிக்கு ஆகாது, அருவாளுக்கு ஆகும்."

வைக்கோல் நிறம் என்பது சுமார் 220, 230 டிகிரி. நீலம் 290-க்கு மேல். அவரிடம் வெப்பமானி கிடையாது, பட்டறையில் ஒரு ட்யூப்லைட்கூட இல்லை. வெளிச்சம் அதிகமிருந்தால் சிவப்பின் அளவு தெரியாது என்பதால் இருட்டாகவே வைத்திருக்கிறார். நான் காயிலை வார்னிஷ் ஊற்றி உலர்த்தும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் நிறத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நான் செய்த தவறு. இதை எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

இழைப்புளி என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இழைப்பு உளி, இழைக்கிற உளி. ஒரு கட்டையின் வயிற்றில் சாய்வாக உளியை நிறுத்தி ஆப்பு அடித்து இறுக்கியது, அவ்வளவுதான் அமைப்பு. ஐயாவின் இழைப்புளியை ஆப்பைத் தட்டிக் கழற்றினேன். அலகின் வாய் நேராக இல்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் தொட்டு இரண்டு ஓரமும் விலகி நிற்கிறது. ஒரு ஓரம் இன்னொன்றைவிட அதிகமாக விலகியிருந்தது. வயதான காலத்தில் கை நடுங்கித் தப்பாகத் தீட்டியிருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடையிலிருந்த சாணைச் சக்கரத்தில் பிடித்து நேராக்கினேன். அடிக்கடி தண்ணீரில் நனைத்து, நீலம் பாயாமல், 25 டிகிரி சரிவு, பின் கல்லில் 30. நேர்கோட்டில் வந்தது. கையிலுள்ள முடியை மழித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டியின் மூடியில் ஒரு பலகை உளுத்துவிட்டதால் வேப்பம்பலகை ஒன்றை அதற்காக இழைத்தேன். சுருள் நன்றாகத்தான் வந்தது. ஆனால் கையை வைத்துத் தடவினால் பலகையில் வரிவரியாக மேடு தட்டியது. ஒவ்வொரு இழைப்பின் ஓரத்திலும் ஒரு கோடு. எத்தனை மெலிதாக வைத்தாலும் கோடு போகவில்லை. கட்டை கோணிவிட்டதோ என்று அடிப்பக்கத்தைச் சரிபார்த்தேன். அது நேராகத்தான் இருந்தது.

தொண்டியில் ஐயாவோடு வேலை பார்த்த ஓடாவி ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். தொழுகை முடிந்து வந்து, சாப்பாடு போட்டு, அப்புறம்தான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இழைப்புளி அலகைக் கையில் வாங்கியதும் பெருவிரலை வாய் நெடுக ஓட்டிவிட்டு நிறுத்தினார்.

"இத யாரு நேராக்குனது?"

"நான்தான் மாமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பக்கத்திலிருந்த சுவரைக் காட்டினார். "இந்தச் செவுரு மாதிரியா இருக்கும் வத்தைப் பலகை? வயிறு இருக்கும்ல தம்பி. நேர் அலகு ரெண்டு மூலையையும் பலகைக்குள்ள குத்திக்கிட்டே போகும். அதான் உனக்குக் கோடு விழுது. உங்கய்யா மூலைய ஒதுக்கி வச்சிருப்பாரு. இந்தப் பக்கம் கொஞ்சம் கூட ஒதுக்கியிருப்பாரே?"

"ஆமா மாமா, வலது பக்கம்."

"அவரு கைப்பழக்கம் அது. வலது பக்கம் அழுத்துவாரு. அதுக்கு ஏத்தாப்புல தீட்டிக்கிருவாரு."

நான் வெட்டி எறிந்தது மூன்று மில்லிமீட்டர் இரும்பு. அதில் ஐயாவின் வலது தோள் இருந்தது. வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டித் தன் உடம்புக்கு ஏற்ப அவர் கொண்டுவந்த வடிவம், கருவியைச் செய்தவர் கொடுத்ததே இல்லை. கருவி என்றால் கொல்லர் அடித்துக் கொடுத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாதி வேலையை அதற்குப் பிறகு பிடித்தவர் செய்கிறார். அந்தப் பாதி துருவின் நிறத்திலும் கோணலின் உருவத்திலும் ஒளிந்திருக்கிறது. துருவை எடுப்பதில் அப்படியொன்றும் கஷ்டமில்லை, சார்ஜரும் சோடாவும் செய்துவிடும். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. போகிற நேரத்தை நான் மாற்றிவிட்டேன். முதலில் தொண்டிக்குப் போய்விட்டு, அப்புறம் சாணைக்குப் போயிருக்க வேண்டும்.

வாச்சியையும் நான் அன்றைக்கு நேராக்கத்தான் இருந்தேன். அதன் வாயும் வளைவுதான். மாமா அதை வாங்கி, திண்ணையோரம் கிடந்த பூவரசங்கட்டையில் இரண்டு கொத்துக் கொத்தினார். மூன்றாவது கொத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில், அப்பளம் போல, ஒரே கனத்தில் எழும்பி விழுந்தது. வெட்டின இடத்தில் ஆழமற்ற ஒரு குழிவு, மூலை குத்திய தடமே இல்லை. "அலகு முதுகோட வளைவைப் பாரு. இந்தக் காம்பு நீளத்துக்குக் கை வீசுனா எப்படி வளைஞ்சு வருமோ அதே வளைவு. காம்பை மாத்துனா வாச்சி கெட்டுப்போகும்" என்றார். காம்பை நான் மாற்றுவதாகத்தான் இருந்தேன், ஒரு வெடிப்பு இருந்தது. நூல் சுற்றிக் குங்கிலியம் உருக்கி ஊற்றினால் போதும் என்று சொல்லிவிட்டார். அப்படியே செய்தேன். பிடித்துப் பிடித்துப் பெருவிரல் இருக்குமிடம் சிறு பள்ளமாகியிருக்கிறது. என் பெருவிரல் அதைவிடக் கொஞ்சம் மேலே போய் உட்காருகிறது. ஐயா என்னைவிடக் குட்டை.

இழைப்புளிக்கு மருந்தும் மாமாவே சொன்னார். மறுபடி சாணைக்குப் போகாதே, கல்லிலேயே தீட்டு, தீட்டும்போது ஒரு இழுப்புக்கு இடது மூலையிலும் ஒரு இழுப்புக்கு வலது மூலையிலும் விரலை அழுத்து, தானாக மூலை ஒதுங்கும். ஐயாவின் தீட்டுக்கல்லில் இருக்கிற குழியும் அப்படி வந்ததுதான். அந்தக் கல்லையும் தட்டையாக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். மூன்று வாரத்தில் வேப்பம்பலகையில் கோடு விழுவது நின்றது. என் கை எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அது வர நாளாகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்பிள்ஸ் உளியின் பிடி பிளந்திருந்தது, சரிசெய்ய வழியில்லை. சீமைக்கருவேலத்தின் வைரப் பகுதியில் புதிதாகச் செய்தேன். ஊரெல்லாம் அந்த மரத்தைத் திட்டுகிறோம், ஆனால் காய்ந்த வைரம் எளிதில் சுருங்காது, கோணாது, உளிப்பிடிக்கு அருமையான மரம். முதலில் சிறிதாகத் துளை போட்டு, உளியின் வாலைச் சிவக்கக் காய்ச்சி உள்ளே இறக்கினால் தனக்கு வேண்டிய வடிவத்தைத் தானே எரித்துக்கொள்ளும். அந்த நேரம் அலகில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைச்சல் போய்விடும். பழைய பித்தளைப் பூணையே திரும்பப் போட்டேன். அது ஏதோ குழாயிலிருந்து ஐயா அறுத்தெடுத்தது, உள்பக்கத்தில் ரம்பத்தின் தடம் தெரிகிறது.

ரம்பம் ஸ்பியர் அண்ட் ஜாக்சன், அதுவும் ஷெஃபீல்டு. கம்பி கேஜ் பார்க்கிற மைக்ரோமீட்டரைச் சும்மா வைத்துப் பார்த்தேன். பல் பக்கம் 0.95 மில்லிமீட்டர், முதுகில் 0.75. துருவில் தேய்ந்தது இல்லை, நெடுக ஒரே சீராக அப்படித்தான் இருக்கிறது. முதுகை மெலிதாக்கித் தேய்த்திருப்பதால் அறுக்கும்போது மரத்துக்குள் இறுகாது, பல்லை இடம் வலமாக அதிகம் சாய்க்கவும் வேண்டாம். கடையில் இப்போது வாங்குகிற இருநூறு ரூபாய் ரம்பத்தில் வைத்துப் பார்த்தேன், மேலும் கீழும் ஒரே கனம். முப்பட்டை அரத்தால் பல் தீட்டுவதற்கு இன்னும் நான் துணியவில்லை. மாமா கூட உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

மரக்கோலை அடிக்கோல் என்று நினைத்துப் பக்கத்தில் டேப்பை வைத்தேன். 33 அங்குலம் வந்தது. தேய்ந்துபோன கோடுகளை எண்ணினால் 24 பாகம். ஒரு தச்சு முழம், 24 விரல். ஒரு விரலுக்கு எத்தனை அங்குலம் என்று வகுத்துப் பார்த்தேன், ஒன்றும் அதன்மேல் மூன்று அரைக்காலும், அதாவது 1.375. ஆங்கில அங்குலத்தில் அளந்தால் வராத கணக்குகள் இந்தக் கோலில் முழு எண்ணாக வரும். கொழும்பில் அடிக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், ஊரில் இந்தக் கோலைத்தான் பிடித்திருக்கிறார்.

துரப்பணத்தின் வில்லுக்குப் புதுக் கயிறு மட்டும் போட்டேன். மேலே அமுக்கிப் பிடிக்கிற சிரட்டை உடைந்திருந்தது, வேறு சிரட்டை தேய்த்துப் பொருத்தினேன். என் மகளுக்கு அதைச் சுழற்றுவதில் அப்படியொரு ஆசை, வேப்பம்பலகை மிச்சத்தில் இருபது துளை போட்டுவிட்டாள்.

இழைப்புளிக் கட்டையின் முன்பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தடிப்பு இருந்தது. முதலில் அழுக்கு என்று சுரண்டப் போனேன். நகத்தில் மஞ்சளாக வந்ததும் நிறுத்தினேன். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை வைத்த சந்தனமும் குங்குமமும், ஒன்றின்மேல் ஒன்றாக, ஓட்டுத் தகடு கனத்துக்கு ஏறியிருக்கிறது. சுற்றிலும் ஆளி எண்ணெய் பூசினேன், அந்த இடத்தை விட்டுவிட்டேன். இந்த வருடம் அதன்மேலேயே பொட்டு வைத்தது அப்பத்தா. கை நடுங்கியதால் பொட்டு கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் தொட்டியில் போடவே இல்லை. கலப்பத்து உளி. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடிக்கிற மழுங்கல் வாய், கூர் பிடிக்கிற வேலையே கிடையாது. துரு எடுக்க இறக்கும்போது பார்த்தேன், வாயோரம் பழுப்பாகக் குங்கிலியம் உறைந்திருக்கிறது, அதற்குள் நாலைந்து பஞ்சிழை. ஐயா கடைசியாகக் கலப்பத்து அடித்த வத்தை எது என்று மாமாவிடம் கேட்டேன். மோர்ப்பண்ணைக்காரர் ஒருவருடையது, மீன்பிடிக்கிற சின்ன வத்தை, அதன்பிறகு எல்லாரும் பைபர் படகுக்குப் போய்விட்டார்கள் என்றார். அந்த உளியை இலுப்பை எண்ணெய் நனைத்த துணியில் சுற்றி, செம்பு ஆணிகள் கிடந்த அதே மூலையில் வைத்தேன்.